சேராத பேனா

உத்தரவாத அட்டையின் ஆறாவது பத்தி இப்படிச் சொல்கிறது: பழுது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் நிறுவனம் வாடிக்கையாளருக்கு உரிய பதிலை அளிக்கும். ஒன்பதாவது பத்தி: அங்கீகாரம் பெறாத எவரேனும் கருவியைத் திறந்தாலோ பிரித்தாலோ உத்தரவாதம் செல்லாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் நான். இரண்டு பத்திகளையும் ஒருசேர நம்பினேன்.

கருவி என்பது ஒரு டேப். அதன் திரையில் எழுத ஒரு பேனா. என் தம்பிக்காக வாங்கியது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்தவன். தொண்டையில் புற்று என்று வேலூரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். காரணம் பீடியா, தொழிற்சாலையில் தோலுக்குப் போடும் மருந்தா என்று கேட்டேன். மருத்துவர் எதையும் எழுதித் தரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.

டேபைக் கையில் கொடுத்ததும் தம்பி பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் காட்டிய முதல் வாக்கியம் இது: “இன்னாணா, சிலேட்டு வாங்கிக் குடுத்து ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்ட.” பிறகு ஒரு நாள், மாத்திரை நேரம் பற்றி நான் நீளமாக விளக்கிக்கொண்டிருந்தபோது: “ஜாஸ்தி பேசற. எனக்கும் சேத்துப் பேசறியா?” பேசுவதைப் போலவே எழுதினான். அதைப் படிக்கும்போது பழைய குரல் காதில் கேட்டது.

ஒரு வாரத்துக்குள் டேபுக்கு உறை போட்டுவிட்டான். கூட வேலை பார்த்தவர்கள் ஷூவுக்கான பழுப்புத் தோலில் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார்கள். ஓரங்களை மடித்துத் தைத்து, மூடுவதற்குக் காந்தப் பொத்தான் வைத்து, ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி டேபின் முதுகிலும் விளிம்புகளிலும் நிரந்தரமாக ஒட்டினான். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருக்கலாமே என்றேன். “கிளிப்பு வச்சா ஒரு மாசம் தாங்காது. இது நான் செத்தாலும் வுடாது” என்று எழுதினான்.

எங்கள் பக்கத்தில் தோல் யார் கண்ணிலும் படாது. மூக்குக் கண்ணாடி, செல்போன், கேஸ் புத்தகம், டார்ச் லைட் என்று வீட்டுக்குள் எது வந்தாலும் அதற்கு ஒரு தோல் சட்டை மாட்டிவிடுவார்கள். மாட்டிய பிறகு அது பொருளின் ஒரு பாகம். யாரும் அதைத் தனியாக நினைப்பதில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் நோய் திரும்பி வந்தது. இந்த முறை மருத்துவமனை அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கட்டிலோடு கிடந்தான். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலூரிலிருந்து பஸ் ஏறிப் போவேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் டேபைக் கைகாட்டிக் கேட்டான். “ணா, நீ அன்னிக்கு” என்று எழுதினான். அத்துடன் பேனா நின்றுவிட்டது.

பேனாவுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது தீர்ந்திருந்தது. கடைத்தெருவுக்குப் போய்ப் புதியது வாங்கிப் போட்டேன். பேட்டரி மாற்றினால் பேனாவை டேபின் வலது விளிம்பில் பத்து விநாடி வைக்க வேண்டும், தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று கையேட்டில் இருந்தது. வைத்தேன். பேனா கிடைக்கவில்லை என்று திரை சொன்னது. ப்ளூடூத்தை அணைத்துப் போட்டேன். டேபையே அணைத்துப் போட்டேன். கையேட்டில் உள்ள எல்லாப் படிகளையும் வரிசை மாறாமல் மூன்று முறை செய்தேன். கிடைக்கவில்லை.

“அன்னிக்குன்னா என்னிக்குடா?” என்று கேட்டேன். தம்பி விரல்களைக் குவித்துக் காற்றில் எழுதிக் காட்டினான். பேனா வேண்டும்.

“பேப்பர்ல எழுதச் சொல்லுங்களேன் மாமா” என்றாள் அவன் மனைவி.

அதையும் செய்து பார்த்தோம். மல்லாந்து கிடப்பவன் கையில் பால்பாயிண்ட் பேனாவுக்கு மை இறங்காது. பென்சிலை அழுத்த அவனுக்குத் தெம்பில்லை. திரையில் விரலால் எழுதினால் உள்ளங்கை பட்டுக் கோடுகளாக விழுந்தன. ஒரு தாளில் எழுத்துகளை எல்லாம் எழுதி, தொட்டுக் காட்டு என்றேன். புறங்கையால் தள்ளிவிட்டான். சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். எங்கள் குடும்பத்துப் பிடிவாதம்.

“சரி, வுடு. புகார் குடுத்துடறேன். ஏழு வேலை நாள்ல பதில் வந்தாகணும், ரூல் இருக்குது. வந்ததும் முழுசா எழுது” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டான். அதை நான் சம்மதமாகப் பதிவு செய்துகொண்டேன்.

அன்று மாலையே மின்னஞ்சலில் புகார், ரசீது நகலுடன். உடனே ஒரு புகார் எண் வந்தது. இயந்திரம் அனுப்புவது, அதைப் பதில் என்று எந்த விதியும் ஒப்புக்கொள்ளாது. ஏழு நாள் கழிந்தது. நினைவூட்டல் ஒன்று. தொலைபேசியில் அழைத்தால் பாட்டு, அதற்குப் பிறகு ஒரு பெண், பிறகு மீண்டும் பாட்டு. நினைவூட்டல் இரண்டு. பொங்கலுக்கு முன் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பணிக்காலத்தில் இப்படி எத்தனை அட்டைகளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டதும் கடமை முடிந்துவிடும்.

இடையில் ஒரு நாள் டேபை ஆம்பூர்க் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிற பாயிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தட்டினார்.

“இந்தக் கவர யாரு சார் போட்டது? சொல்யூஷன் வச்சு ஒட்டிகீறாங்க. கிழிச்சிட்டுப் பாக்கட்டுமா?”

“வேணாம் பாய். பிரிச்சா வாரண்டி போய்டும்.”

“கவருக்கு இன்னா சார் வாரண்டி? தோலு தானே?”

“பிரிக்கிறதுன்னு பொதுவாத்தான் போட்டிருக்கான். எதப் பிரிக்கிறதுன்னு போடல. நாளைக்கு அதையே காரணம் காட்டுவான்.”

பாய் டேபை என் பக்கம் நகர்த்தினார். “நீங்க படிச்சவங்க. கம்பெனி பதில் போடட்டும். அதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்து அவன் கடையில ஒக்காந்துருப்பான்.”

விதி மட்டும் காரணமில்லை. அது தம்பி கடைசியாகத் தைத்த பொருள். கிழித்த உறையோடு அவன் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாயிடம் விதியைத்தான் சொன்னேன். விதி சொல்லிப் பழகிய வாய்க்கு அதுதான் சுலபம்.

மற்ற நாட்களில் கட்டிலருகில் உட்கார்ந்து அந்தப் பாதி வாக்கியத்துக்கு நாள் தேடினேன். அவன் கல்யாணத்துக்கு நான் தாமதமாக வந்த நாளா? தலை அசைத்து இல்லை என்றான். அவனுக்குச் சான்றிதழ் ஒன்றில் கையெழுத்துப் போட மறுத்து, முறைப்படி மனு கொடு என்று திருப்பி அனுப்பிய நாளா? இல்லை. ஒரே ஒரு நாளை மட்டும் நான் கேட்கவில்லை.

எங்கள் அப்பா அரசுப் பணியில் இருக்கும்போதே இறந்தவர். கருணை அடிப்படையில் வாரிசுகளில் ஒருவருக்கு வேலை. நான் மூத்தவன், படித்தவன். தம்பி ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கே என்று கேட்டான். விரல் வைத்துக் காட்டினேன். என்ன தாள் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மாதமே அவன் தோல் தொழிற்சாலைக்குப் போனான்.

அந்த நாளா என்று கேட்டிருக்கலாம். ஆமாம் என்று தலை அசைத்துவிட்டால் அதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேனா வரட்டும், அவனே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்ததும் வலிக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். விழித்திருக்கும் நேரம் குறைந்தது. கூப்பிட்டால் சில சமயம் இமை அசையும், அவ்வளவுதான்.

நிறுவனத்தின் பதில் நான் அவன் வீட்டில் இருந்தபோது மின்னஞ்சலில் வந்தது. நான்கு வரி. புதிய பேட்டரி பொருத்திய பின் பேனா டேபின் வலது விளிம்பை நேரடியாகத் தொட வேண்டும். விளிம்பில் உறையோ காந்தமோ இருந்தால் அகற்றிவிட்டு முயலவும். தங்கள் பொறுமைக்கு நன்றி.

வலது விளிம்பில்தான் தோல் இரட்டையாக மடித்திருந்தது. காந்தப் பொத்தானும் அங்கேதான். இரண்டு மாதமாக நான் பேனாவைத் தோலின்மேல் வைத்துப் பத்து விநாடி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சமையலறைக் கத்தியை வாங்கி அந்த ஓரத்தைக் கிழித்தேன். அவன் சொன்னது சரி, சொல்யூஷன் விடவில்லை. தோலின் அடிச் சதை டேபிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுரண்டிவிட்டுப் பேனாவை வைத்தேன். எட்டு எண்ணுவதற்குள் சேர்ந்துகொண்டது. திரையில் அந்தப் பக்கம் திறந்தது: ணா, நீ அன்னிக்கு.

தம்பியின் விரல்களுக்குள் பேனாவை வைத்தேன். அவை மூடவில்லை. என் கையால் மூடிப் பிடித்து, முனையை அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். கை கனத்துச் சரிந்தது. கடைசி எழுத்திலிருந்து பக்கத்தின் அடி வரைக்கும் ஒரு கோடு இறங்கியது.

வாசற்படியில் நின்றிருந்த அவன் மனைவி கேட்டாள்: “எழுதறாரா மாமா?”

“எழுதறான்மா.”

பணிக்காலம் முழுவதும் நான் ஒரு பொய்ச் சான்று கொடுத்ததில்லை.

பதிலை அச்செடுத்துப் புகாரோடு சேர்த்து நூல் கோத்துக் கட்டி வைத்திருக்கிறேன். வலது மேல் மூலையில், பழக்கப்படி, வரப்பெற்ற நாள்: பிப்ரவரி பதினொன்று.