ஏழடிக் குட்டைக்கு மானியம்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற மனிதரைக் கட்டிக்கொண்டால், ஆனி மாதம் வீட்டில் ஒரே பேச்சுதான் காதில் விழும். போன் அடிக்கும். "விழுது சார், நல்லா விழுது" என்பார் என் வீட்டுக்காரர். மறுபடி அடிக்கும். "விழுது சார். ரூம் இருக்கு." அருவியில் தண்ணீர் விழுந்தால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்பது அவர் நினைப்பு. அந்த உலையில் போடுகிற அரிசி என் வயலிலிருந்து வருகிறது என்பது என் நினைப்பு. இரண்டும் சரிதான் என்று ஒப்புக்கொள்ள இருவருக்குமே மனசு வந்ததில்லை.

வயல் என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்தது. மலையடிவாரத்துச் சரிவு. மழை பெய்தால் தண்ணீர் ஒரு நிமிஷம் நிற்காது. போகிற போக்கில் என் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். பங்குனியில் கிணற்று வாளி தரை தட்டும். "ஒங்கப்பன் வயல வச்சு என்னட்டி செய்யப் போற? ரிசார்ட்டுக்குக் கேக்காங்க, வித்துரு" என்று அவர் சொல்லாத வருஷமில்லை. எப்போதும் 'ஒங்கப்பன் வயல்'தான்.

பண்ணைக்குட்டை வெட்ட அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். சரிவில் குட்டை வெட்டி வரப்பையும் உயர்த்திவிட்டால் தண்ணீரும் நிற்கும், மண்ணும் நிற்கும். ஆனால் முதலில் கைக்காசைப் போட்டு வெட்ட வேண்டும். ஆழம் ஏழடி இருக்கிறது என்று அதிகாரி அளந்து எழுதிய பிறகுதான் பணம் வரும். என் சிறுவாட்டுப் பணம் மொத்தமும் ஜேசிபிக்குப் போனது. அவர் ஒரு நிபந்தனை போட்டார். மானியம் வந்தால் வயலைப் பற்றி வாயே திறக்க மாட்டார். வராவிட்டால் நான் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீம்புக்குச் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

வெட்டலாம் என்ற உத்தரவு வைகாசிக் கடைசியில்தான் வந்தது. சாரல் எந்நேரமும் இறங்கும் என்று குற்றாலத்துக் குரங்குக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். கோப்பு எனக்காகக் காத்திருக்காதே! இரண்டு நாளில் வெட்டி முடித்தோம். நானே கயிறு விட்டு அளந்து பார்த்தேன், ஏழடி. அதிகாரி திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமையே சாரல் பிடித்துக்கொண்டது.

வாழ்க்கையில் முதல்முறையாக மழை நிற்கச் சொல்லிச் சாமி கும்பிட்டேன். பக்கத்திலேயே நின்று அவர் மழை வலுக்கச் சொல்லிக் கும்பிட்டார். சாமி லாட்ஜ் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குட்டை நிரம்பிக் கரையைத் தொட்டு நின்றது. மோட்டார் வைத்து இறைத்தேன். பக்கத்து வயல்காரி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, தண்ணி சேக்கத்தான குட்டை வெட்டுன? இப்ப எதுக்கு வெளிய இறைக்க?"

"மானியம் வாங்கதுக்கு."

"மானியம் எதுக்கு?"

"தண்ணி சேக்கதுக்கு."

அவள் ஈர வரப்பென்றும் பார்க்காமல் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. காலையில் போய்ப் பார்த்தால், இறைத்த தண்ணீரெல்லாம் திரும்பி வந்து பழைய இடத்தில் நிற்கிறது.

அதிகாரி சின்னப் பெண். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் நீளமான அளவுகோல். "அக்கா, குட்டை அழகா இருக்கு. ஆனா நடுவுல கோல் நின்னு, அளவு போட்டோல தெரியணும். இன்னைக்குக் கடைசி நாள். விட்டா பைல் திரும்பிரும்" என்றாள். நான் சேலையைத் தூக்கிச் செருகினேன். எனக்கு நீச்சல் தெரியாது.

அந்த நேரம் பார்த்து அவர் பைக்கில் வந்து இறங்கினார். வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜேசிபிக்காரன் ஒன்ன நல்லா ஏமாத்திட்டான். அஞ்சடிக்கு மேல இருக்காது. காட்டுதேன் பாரு" என்று சட்டையைக் கழற்றிவிட்டுக் கோலோடு இறங்கினார். அருவித் தண்ணீரில் வளர்ந்த மனிதர். நீந்திக்கொண்டே நடுவில் போய்க் கோலை நட்டார். அதிகாரி எட்டிப் பார்த்துப் படித்தாள். ஆறரை.

"அரையடி கொறையுதே அக்கா" என்றாள் மெதுவாக.

மழையில் கரைந்த சேறு அடியில் படிந்திருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். போட்டோவில் சேறா தெரியப் போகிறது? வயல் போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். அப்படியே கரையேறினால் போதும், ஜெயித்துவிட்டார். ஏறவில்லை. மூச்சை இழுத்து முங்கினார். தண்ணீர் செக்கச்செவேலென்று கலங்கியது. எழுந்தார், மறுபடி முங்கினார். மூன்றாம் முறை வெளியே வந்தபோது தலையெல்லாம் சேறு. அடியில் இரண்டு கையாலும் வாரித் தள்ளியிருக்கிறார். கோலைக் கெட்டித் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு, "இப்ப எடும்மா போட்டோ" என்றார்.

ஏழு.

மானியம் ஆவணியில் வந்தது. அளந்த அன்றைக்கு அவர் கரையேறியதும் துண்டை நீட்டினேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "அஞ்சடின்னீங்க?" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் கரையில் கிடந்த சட்டைக்குள் போன் அடித்தது. சேற்றுக் கையோடு எடுத்தார்.

"விழுது சார், நல்லா விழுது" என்றார். பிறகு குட்டையைத் திரும்பிப் பார்த்து, "எங்க வயல்லயும் நிக்குது சார்" என்றார்.