பெயர்ப்பலகையில் வேங்கைக்குறிச்சி

ஜெர்மனியின் பான் நகரத்தில் சேதுராமனோடு யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் வாசலில் இரண்டு நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். அவன் அழைப்புமணியை உடனே அழுத்த மாட்டான். பொத்தான்களுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் குடும்பப் பெயர்களை மேலிருந்து கீழாக ஒன்றுவிடாமல் படிப்பான். அதற்குப் பிறகுதான் விரல் போகும். ஏழு வருடமாக இதைப் பார்த்துப் பழகிய நண்பர்கள், மழை பெய்தால் மட்டும் அவனை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தாங்களே அழுத்திவிடுவார்கள்.

கேட்டால் "சும்மாதான்" என்பான். ஆனால் பெயர்களை எண்ணுவதுதான் அவனுடைய வேலை. பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. இங்கிலாந்தில் சட்டன் என்று ஊர் இருக்கிறது, சட்டன் என்று குடும்பங்களும் இருக்கின்றன. நார்ட்டன், பிரெஸ்டன் எல்லாம் அப்படித்தான். ஒரே பெயரில் பல ஊர்கள் வேறு. எந்தக் குடும்பத்தின் பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பழைய வரிப்பட்டியல்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டியலைத் தட்டச்சு செய்ய மாணவர்கள் இருந்தார்கள். கணக்குப் போடச் சேதுராமன் இருந்தான். திருச்சியில் புள்ளியியல் படித்தவன். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அவனுடைய சொந்தப் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் முழுதாக இருக்காது. அதற்குக் காரணம் இருந்தது. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது ஏஜென்ட், "இனிஷியல் வே-ன்னு போட்டிருக்கே, அதுக்கு முழுசா என்ன தம்பி?" என்று கேட்டார். சேதுராமன் உண்மையைச் சொன்னான். அவர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அதைத் தட்டிவிட்டார். அன்றிலிருந்து ஜெர்மனியில் அவன் ஹெர் வேங்கைக்குறிச்சி. வங்கியிலும் மருத்துவமனையிலும் அந்தப் பெயரை வாசிக்கத் தொடங்குகிறவர்கள் நடுவழியில் மூச்சு வாங்குவார்கள். தூக்கி வளர்த்த அப்பா பெயரில்லை, தாத்தா பெயரில்லை, பஸ் போர்டில் இருக்கவேண்டிய ஊர்ப் பெயர். வெட்கப்பட்டு வீட்டு மணியில் எஸ்.வி. என்று இரண்டே எழுத்து ஒட்டிவைத்தான்.

நான்காவது வருடம் லக்ஸன் வந்தான். லக்ஸன் இராசலிங்கம். டோர்ட்மண்டில் பிறந்தவன், யாழ்ப்பாணத்துப் பெற்றோர். புவியியலில் முதுகலை படித்துக்கொண்டே பட்டியல் தட்டச்சு செய்ய வந்தான். இரண்டே வாரத்தில் அலுவலகத்தில் எல்லோரும் அவனுக்குச் சொந்தமாகிவிட்டார்கள். திட்டத்தை நடத்திய பேராசிரியை அவன் அறைப்பக்கம் தானாக எட்டிப்பார்த்தார். தாழ்வாரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் நடுவில் அவன் நிற்பான். அவன் அம்மா பிளோறன்ஸ் கொடுத்துவிடும் றோல்ஸ் டப்பாவைத் திறந்தால், மூன்று வருடமாகச் சேதுராமனிடம் "குட்டன் மோர்கன்" தாண்டிப் பேசாத காரியதரிசி கூட "லக்ஸன், எனக்கு ஒன்று" என்று வந்துவிடுவார். சேதுராமனும் ஒன்று எடுத்தான். ருசியாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஏன் இந்தப் பையன்மேல் இவ்வளவு எரிச்சல் என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். பதவியில் சேதுராமன்தான் மேலே. ஆனால் அன்ட்ராக் என்று இங்கே சொல்லும் விண்ணப்பப் படிவம் ஒன்றை லக்ஸன் ஐந்து நிமிடத்தில் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, பேனாவை விரலில் சுழற்றுவான். சேதுராமன் அதே தாளை மூன்று நாள் வைத்திருந்து, நான்காவது நாள் அவனிடமே கொண்டுபோவான். லக்ஸன் "இஞ்சை தாங்கோ அண்ணை" என்று வாங்கி முடித்துக் கொடுப்பான். ஒரு தடவையாவது அலுத்துக்கொண்டிருந்தால் சேதுராமனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வசந்தத்தில் ஒரு முனைவர் பட்ட இடம் அறிவித்தார்கள். மூன்று வருட வேலை. ஒரே ஓர் ஆள். இருவருமே விண்ணப்பித்தார்கள். சேதுராமனின் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. விசாவும் அதோடு முடிகிறது. லக்ஸனுக்கு இது கிடைக்காவிட்டால் வேறு வேலை. இவனுக்குக் கிடைக்காவிட்டால் வேறு நாடு. ஜூனில் ஆளுக்கு இருபது நிமிடம் பேச வேண்டும், அதை வைத்துத்தான் முடிவு என்று பேராசிரியை சொன்னார்.

சேதுராமனின் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. ஊர்ப் பெயரைத் தாங்கிய குடும்பம் அந்த ஊரிலேயே இருந்தால் ஒரு புள்ளி, இல்லையென்றால் சைபர். சைபர் வாங்கிய ஊர்களைச் சம்பந்தமில்லை என்று ஒதுக்கிவிட்டான். அப்படி ஒதுக்கியவை அறுபத்தொன்று. மிச்சத்தை வைத்து என்ன கூட்டினாலும் எதுவும் ஒத்துவரவில்லை. பேச்சுக்கு ஒன்பது நாள் இருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது லக்ஸன் அவன் மேசையில் இருந்த பட்டியலை எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, இந்த அறுபத்தொண்டையும் ஏன் கழிச்சனீங்கள்?"

"அந்த ஊர்ல அந்தப் பேர்ல ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் எப்படி அங்கேருந்து வந்திருக்கும்?"

லக்ஸன் றோல்ஸை மென்றுகொண்டே யோசித்தான். "ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது."

"கேளு."

"ஊரிலை உங்களை ஆரும் வேங்கைக்குறிச்சி எண்டு கூப்பிடுவினமோ?"

"ஊர்ல எதுக்குக் கூப்பிடறாங்க? அங்க இருக்கிற எல்லாருமே வேங்கைக்குறிச்சிதானே."

"பிறகு ஆர் வைச்சது?"

"ஏழாவதுக்கு டவுன்ல ஹைஸ்கூல் சேர்ந்தேன். க்ளாஸ்ல ரெண்டு சேதுராமன். வாத்தியார் என்னை வேங்கைக்குறிச்சி சேதுராமன்னு எழுதிட்டார்."

"அப்ப உங்கட ஊருக்குப் போய் எண்ணினா, அந்தப் பேரிலை சைபர்." லக்ஸன் சிரிக்கத் தொடங்கினான். "உங்கட மெத்தட்படி உங்கட ஊரும் குப்பைக்குள்ளைதான் அண்ணை. நீங்கள் அங்கயிருந்து வரவேயில்லை."

சேதுராமன் சிரிக்கவில்லை. கையில் இருந்த ஸ்பூனைக் கீழே வைத்தான். லக்ஸன் டப்பாவை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டான்.

அன்று மாலைக்குள் சேதுராமன், ஒதுக்கிய அறுபத்தொன்றையும் திரும்ப உள்ளே கொண்டுவந்தான். ஊருக்குள் தேடாமல், அதைச் சுற்றி ஒருநாள் நடந்து போகக்கூடிய தூரத்துக்கு வட்டம் போட்டுத் தேடினான். பக்கத்துச் சந்தை ஊர்களில் அந்தப் பெயர்கள் கூட்டங்கூட்டமாகக் கிடந்தன. ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப் பெயர். போன இடத்தில் இன்னொரு ஜான் இருந்திருப்பான், இவனைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஏழாம் வகுப்பிலிருந்து தன் தலையிலேயே எழுதியிருந்ததைத் தான் எப்படிப் பார்க்கவில்லை? அதைவிட அதிகமாக அரித்த கேள்வி, அதை ஏன் லக்ஸன் பார்த்தான்? சாப்பிட்டுக்கொண்டே, விளையாட்டாக, தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல்.

ஜூனில் சேதுராமன் பேசினான். தன் பாஸ்போர்ட்டைத் திரையில் காட்டியே தொடங்கினான். வெட்கப்பட்ட பெயரை முதல்முறையாக முழுதாகச் சத்தமாகச் சொன்னான். வகுப்பில் இருந்த இரண்டு சேதுராமன்களின் கதையைச் சொன்னான். பிறகு வட்டங்களைக் காட்டினான். "இதைப் பழைய புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும். எண்ணிக் காட்டியது நீங்கள்தான்" என்றார் பேராசிரியை. "எப்படித் தோன்றியது உங்களுக்கு?"

லக்ஸன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். சேதுராமன் அவனைப் பார்த்தான். "என் பெயரை யோசித்துக்கொண்டிருந்தேன், தோன்றியது" என்றான்.

இந்த ஊரில் பேச்சு பிடித்திருந்தால் கைதட்டமாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். முதலில் தட்டத் தொடங்கியது கடைசி வரிசைதான்.

இடம் சேதுராமனுக்குக் கிடைத்தது. லக்ஸன் ஹனோவரில் ஒரு வரைபட நிறுவனத்தில் சேர்ந்தான். போகிற அன்று டப்பா நிறைய றோல்ஸ் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் பொறாமை தீரவில்லை என்பதுதான் சேதுராமனுக்கே விளங்காத விஷயம். ஜெயித்த பிறகு ஏன் பொறாமை? கொடுத்துவிட்டு மறந்துபோகிற அந்தக் கையைப் பார்த்துத்தான் போலிருக்கிறது.

மூன்று வருடம் கழித்து ஆய்வேடு அச்சானது. நன்றிப் பக்கத்தில் பதினான்கு பெயர்கள். லக்ஸனின் பெயரை இரண்டு தடவை எழுதினான், இரண்டு தடவையும் அழித்தான். எதற்காக நன்றி என்று ஒரு வரி எழுத வேண்டுமே. அதை எழுதினால் அந்த ஜூனில் பேராசிரியையிடம் சொன்ன பதில் பொய்யாகிவிடும்.

ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு ஹனோவருக்குப் போனான். மணிப் பலகையை மேலிருந்து கீழாகப் படித்தான். ஐந்தாவது, இராசலிங்கம். இந்தத் தடவை படித்து முடித்த பிறகும் நெடுநேரம் நின்றான். பிறகு அழுத்தினான்.

"வாங்கோ, வாங்கோ ஹெர் டாக்டர் வேங்கைக்குறிச்சி," என்றான் லக்ஸன். புத்தகத்தைக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். எல்லோரும் செய்வதுபோல முதலில் நன்றிப் பக்கத்தைத்தான் திருப்பினான். அவன் விரல் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராக இறங்கியது. பதினான்காவதில் நின்றது. பக்கத்தைத் திருப்பினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நல்லா வந்திருக்கு அண்ணை," என்றான். "தேத்தண்ணி போடவோ?"

"போடு," என்றான் சேதுராமன்.

குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டான். நூலகத்தின் இணையப் பிரதியில் நன்றிப் பக்கத்துக்கு ஒரு வரி சேர்க்க ஒரே ஓர் அன்ட்ராக் போதும், ஒரு பக்கம்தான். அது அவன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை மட்டும் முழுதாக நிரப்பியிருக்கிறான். காரணம் என்ற கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.