பின் ஸ்பீக்கரில் வந்த குரல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் சாமி கும்பிடுகிறவன்தான், ஆனால் ஆவி, குரல் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். எட்டாவது வரை படித்துவிட்டு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தவன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் மனைவி சுந்தரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அவள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இவள் பிடிவாதமாக என்னைத்தான் கட்டுவேன் என்றதால் மூன்று மாதம் மகளிடம் அவர் பேசவே இல்லை. தாலி கட்டும்போது வந்து அட்சதை போட்டார், குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். கெட்டிமேளத்தில் அது அவள் காதில் விழவில்லை. மறுபடி கேட்பதற்குள், அந்த மாதமே நெஞ்சுவலியில் போய்விட்டார். மன்னித்தாரா, சபித்தாரா என்று தெரியாமல் பத்து வருஷத்துக்கு மேல் அவள் மனதுக்குள் மருகினாள். கல்யாண வீடியோ கேசட்டை எத்தனை தடவை போட்டாலும் மேளம்தான் கேட்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கேசட்டை டிஸ்க்காக மாற்றினோம். எங்கள் தெருவில் டி.வி. ரிப்பேர் பார்க்கும் மாடசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து ஸ்பீக்கர் செட் ஒன்றை எங்கள் வீட்டில் மாட்டினான். முதலில் அவன் கொண்டுவந்த டிஸ்க்கில் மழை பெய்தது. இடி முதுகுக்குப் பின்னால் விழுந்ததும் நான் திரும்பியே பார்த்துவிட்டேன். அதில் ஐந்து பெட்டிக்கும் தனித்தனியாகச் சத்தம் பதிந்திருக்கிறதாம்.

"அப்ப எங்க கல்யாண டிஸ்க்குல?" என்று சுந்தரி கேட்டாள்.

"அது ஒத்த மைக்குல புடிச்சது மதினி. இடது, வலது ரெண்டுலயும் ஒரே சத்தம். ஒண்ணு போல இருக்கது முன்னாடி நடுப்பெட்டிக்கு வந்துரும், வித்தியாசமா இருக்கதத்தான் இந்த மிஷினு பின்னாடி அனுப்பும். ஒங்க டிஸ்க்குக்குப் பின்பெட்டி புது மாப்பிள்ள கணக்கா கம்முனு உக்காந்திருக்கும்."

"ஒங்க அண்ணன் பழைய மாப்பிள்ளயாகியும் அப்படித்தான உக்காந்திருக்காவ" என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டேதான் போட்டோம். அப்பா திரையில் வந்ததும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். முன்னால் மேளம் முழங்குகிறது, அவர் குனிகிறார். அப்போது எங்களுக்குப் பின்னால், இடது பக்கப் பெட்டியிலிருந்து, மேளமே இல்லாமல் அவர் குரல் மட்டும் வந்தது.

"அழாத தாயி. அப்பாவுக்கு ஒம்மேல வருத்தம் இல்ல."

சுந்தரி திரும்பிப் பார்க்கவில்லை. "சரிப்பா" என்றாள்.

மாடசாமி எழுந்து பின்பெட்டியில் காதை வைத்துக்கொண்டு மறுபடி போடச் சொன்னான். ஒன்றும் வரவில்லை. வயரைக் கழற்றி மாட்டி, இடம் வலம் மாற்றி, ஆறேழு தடவை போட்டும் வரவில்லை.

"பழைய கேசட்டுன்னா இடது, வலது ரெண்டும் செத்த முன்னப்பின்ன இருக்கும், அந்த இரைச்சல் பின்னாடி வரலாம்ணே. ஆனா மேளத்த விட்டுட்டுப் பேச்ச மட்டும் எப்படிப் பிரிக்கும்?" என்று என்னையே கேட்டான்.

மறுநாள் சுந்தரி ஆண்டாள் சந்நிதியில் நெய்விளக்குப் போட்டாள். அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கை அவள் கேட்கவே இல்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நான்தான் அவள் இல்லாதபோது போட்டுப் பார்ப்பேன். குரலுக்காக அல்ல, படத்துக்காக. அவர் குனிகிற இடத்தில் மணப்பெண் அழவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அழுதது எங்கள் வீட்டு நாற்காலியில் இருந்தவள்.

இதை யாரிடமாவது சொல்வதானால், பேய் என்றோ அருள் என்றோ பெயர் வைக்காமல், அவர் சொன்னதோடு ஒரு சொல்லும் சேர்க்காமல், இப்படியே சொல்லுங்கள்.