வாயில் ஒளித்த மோதிரம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று தியாகராய நகரில் எனக்கு இரண்டு மரப்பட்டறைகள். யார் தயவும் இல்லாமல் வந்தவை. உயிர் மட்டும் ஒரு டிரில் மாஸ்டரின் தயவு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், தான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் விட்டதும் மயிலாப்பூரில் எங்கள் தெரு சடுகுடு கோஷ்டிக்கு அவர் பயிற்சி கொடுப்பார். என்னைப் போல மூச்சுப் பிடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மோதிரத்தோடு களத்தில் இறங்கக் கூடாது என்பது அவர் கட்டளை. எனக்கோ கல்யாணமாகிப் பத்தே நாள். கழற்றி வைத்தால் தொலைந்துவிடுமே என்று மோதிரத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சடுகுடு பாடி எதிர்ப்பக்கம் போனேன். எதிராளி காலை வாரினான். மோதிரம் தொண்டையில் அடைத்தது, கண் இருண்டது.

மாஸ்டர் ஓடி வந்து, என்னை முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தார். நாலாவது அறைக்கு மோதிரம் மணலில் விழுந்தது.

“எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?” என்றேன், மூச்சு வந்ததும்.

“என் வீட்ல அஞ்சு பசங்க கீதுங்க. புளியங்கொட்டை, பொத்தான்னு தினம் ஒண்ணு முழுங்கிக்கினு வருங்க. நீ ஆறாவதுடா, புது மாப்ளே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

மாஸ்டர் இப்போது இல்லை. என் பட்டறையில் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்ய யாரையும் விடுவதில்லை. ஆணி போட்டுக்கொள்ள ஆளுக்கொரு இடுப்புப் பை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.