துடைக்கக் கூடாத தூசி

என்னால் ஓரிடத்தில் அரைமணி நேரம் உட்கார முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம் படித்தபோது இந்தக் குணம் முற்றிப் போயிருந்தது. வீட்டில் அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். எங்கள் ஆராய்ச்சிக் கட்டுரை பல்கலைக்கழகக் கருத்தரங்குக்குத் தேர்வானால் எம்.எஸ்ஸி.க்கு விடுவதாக, என் தொல்லை தாங்காமல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன்.

கல்லூரியில் அந்த வருடம் வேறு வேறு துறை மாணவிகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒரு ஆசிரியையின் பொறுப்பில் ஆராய்ச்சி செய்யச் சொன்னார்கள். எனக்கு வாய்த்த ஜோடி எகனாமிக்ஸ். அப்படியொரு நிதானம், பஸ் கிளம்பினாலும் ஓட மாட்டாள். மதுக்கரைக்கு அப்பால் ஒரு ஜல்லி கிரஷரை ஒட்டிய தெருவில் வீடு வீடாகப் போய், தூசியால் என்ன நோவு, என்ன செலவு என்று அவள் கேட்பாள். நான் அந்த வீட்டுச் செடிகளின் இலைகளைப் பறித்து வந்து, லேபில் கழுவி வடிகட்டி, படிந்திருந்த தூசியை எடை போடுவேன்.

எடை போட்டால் தூசியே இல்லை. எங்கள் கல்லூரித் தோட்டத்துச் செம்பருத்தியைவிடக் கிரஷர் பக்கத்துச் செம்பருத்தி சுத்தமாக இருந்தது. எங்களுக்குப் பொறுப்பான மேடம் பார்த்துவிட்டு, "நம்ம காலேஜ் பக்கத்துலயும் ஒரு கிரஷர் வெச்சுட்டா நல்லதாட்டம் இருக்குதே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தராசைச் சந்தேகப்பட்டேன், வடிதாளைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கையையே சந்தேகப்பட்டேன்.

அடுத்த முறை போனபோது முதல் வீட்டு வாசலில் ஈரம் காயவில்லை. செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா மோர் கொண்டுவந்தபோது கேட்டேன்.

"நீங்க வாரீங்கன்னு முன்னாடியே சொல்லிப்போட்டீங்கல்ல. அதான் மோட்டாரப் போட்டு, ஓசுல எல்லாத்தையும் கழுவி உட்டேனுங்க. சாம்பலாட்டம் கெடந்தா வாரவங்களுக்கு நல்லாவா இருக்கும் அம்மணி?"

நாள் சொல்லிவிட்டு வந்தவள் என் ஜோடி. சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது எங்கள் பக்கம் மரியாதையில்லை. ஆக, ஒவ்வொரு முறையும் அந்தத் தெருவே எங்களுக்காகக் குளித்துவிட்டு நின்றிருக்கிறது. கோபம் தலைக்கேறியது. மோரையும் குடித்துவிட்டு அதை யார் மேல் காட்டுவது?

கட்டுரையைக் கொடுக்க மேடம் இன்னும் ஒரு வாரம் தவணை வாங்கிக் கொடுத்தார். தூசி படிய நாலைந்து நாளாவது விட்டு, சொல்லாமல் போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. அன்றுதான் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் இந்த ஓசுக் கதையையே புலம்பித் தீர்த்தேன். அப்பா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

ஞாயிறு காலை, பூ வாங்கி வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்று மட்டும் என் ஜோடியும் பஸ்ஸுக்கு ஓடினாள். அக்கா எங்களைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வரக்கூடாதுங்களா? ஊடு கெடக்கற கெடையப் பாருங்க."

இலையெல்லாம் மாவு சலித்துக் கொட்டியதுபோல இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிளைகளை ஒடித்து ஒரு எவர்சில்வர் தட்டில் அலுங்காமல் வைத்து, மேலே பேப்பரை மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்குள் போனதும் அம்மா பேப்பரைத் தூக்கிப் பார்த்தார். "பூவுக்குப் போய் இந்தக் குப்பையவா கொண்டாந்த? அவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று ஈரத்துணியை எடுத்தார்.

பின்னாலேயே வந்த அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடைச்சுப்போடாத. அது அப்படியேதான் இருக்கோணும்."

தட்டை இரண்டு கையாலும் வாங்கி, தளும்பத் தளும்பப் பால் கொண்டுபோகிறவர் மாதிரி நடந்து, கூடத்தில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க. புள்ளைக்கு இன்னும் படிப்பு முடியலீங்க."