முனாபின் விரத விலக்கு

"இந்தத் துறைமுகத்தில ரெண்டு மார்க்கத்திலயும் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். ரெண்டில ஒண்டுக்காகவும் ஒரு நேரம் பட்டினி கிடந்ததில்லை. மௌத்தாகும் வரைக்கும் கிடக்கவும் மாட்டன்!"

மூதூர் லோஞ்சுப் படகில் டிக்கெட் கிழிக்கும் முனாப் இதை இறங்குதுறையில் அறிவிக்கும்போது, பயணிகள் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். வெறும் சவடால் அல்ல, அதற்குப் பலமான சட்ட அடிப்படை இருந்தது. காலமாகிவிட்ட வாப்பா முஹம்மது தம்பி மூதூரில் மீன் வியாபாரி. அம்மா சீதேவி இலங்கைத்துறைக்காரி, கலியாணத்துக்குப் பிறகும் முருக பக்தை. நோன்பு மாதம் வந்தால் முனாப் அம்மாவின் பிள்ளை. அம்மாவின் ஊரில் விரதமென்றால் வாப்பாவின் பிள்ளை. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் மட்டும் பாரபட்சமின்றி இருவருக்கும் பிள்ளை. நாடே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற எழுபத்து நாலாம் ஆண்டிலும் அவருடைய சட்டைப் பொத்தான்கள் திணறிக்கொண்டுதான் இருந்தன.

அந்த ஐப்பசியில் சீதேவிக்குச் சீனி வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு நேரம் சாப்பிடாவிட்டாலும் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். கந்தசஷ்டி தொடங்கிய அன்று கிழவி தட்டைத் தள்ளிவிட்டார்.

"டொக்டர் சாப்பிடச் சொல்றாரெல்லோ அம்மா?"

"நேர்ந்தது டொக்டரா, நானா? நீ ஏழு மாசத்தில பிறந்தாய், அழவுமில்லை. இவன் இருக்குமட்டும் சஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிப்பனெண்டு வெருகல் முருகனுக்கு நேர்ந்தனான். உன்ர வாப்பாதான் வருசா வருசம் முடிக்கிற அண்டைக்கு இளநி வெட்டித் தந்தவர்."

நாற்பது வருடமாகத் தன் வயிறு நிரம்பி வந்தது யாருடைய பட்டினியில் என்பதை முனாப் அன்றுதான் அறிந்தார்.

"வேற ஆரும் பிடிக்க ஏலாதா?"

"ஆருக்கு நேர்ந்ததோ, அவன் பிடிச்சால் நான் சாப்பிடுவன்."

முனாப் பழைய சட்டத்தை எடுத்தார். "நான் வாப்பாட பிள்ளையெல்லோ..."

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் வாப்பாவின் தங்கை சுபைதா. "உன்ட வாப்பா முப்பது நோன்பும் தவறவிடாத மனுசன். நீ எந்த வாப்பாட பிள்ளை?"

சட்டம் அவ்விடத்திலேயே ரத்தாகியது.

"எனக்குப் பிடிக்கத் தெரியாது மாமி."

"நான் சொல்லித் தாறன்."

மாமி தனக்குத் தெரிந்ததைத்தானே சொல்லித்தர முடியும்? ஆகவே முனாப் முருகனுடைய சஷ்டிக்கு விடியமுன் எழும்பிச் சஹர் உணவு உண்டு, நோன்பு நோற்பதாக நிய்யத்தும் வைத்தார். பகல் முழுக்க எச்சிலைக்கூட விழுங்கப் பயந்தார். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தால் விரதம் துறந்தார். மாமி கஞ்சியும் அனுப்பினார். முருகனுக்கு மரியாதையாக அதில் இறைச்சி இல்லை.

கேள்விப்பட்ட சீதேவி இருமல் வருமட்டும் சிரித்தார். "முருகன் ஒண்டும் சொல்லமாட்டார்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

மூன்றாம் நாள் இறங்குதுறையில் நல்ல மழை. தேத்தண்ணிக்கடை றஊப் சுடச்சுடப் பிளேன்டீயும் வடையும் நீட்டினான்.

"என்ன முனாப் நானா, முகம் வாடிக் கிடக்கு? இந்தாங்க."

முனாப் வடையைச் சற்று நேரம் பார்த்தார்.

"வயித்துக்குச் சரியில்லை தம்பி," என்று சொல்லிவிட்டு, அடுத்த பயணியின் பக்கம் திரும்பினார்.