கத்தி எடுக்கும் நேரம்

காலை எட்டு மணிக்கு மாத்திரையை விழுங்கினால் எட்டே முக்கால் வரை மாஸ்டர் சவரக் கத்தியைத் தொடமாட்டார். கடையைப் பெருக்குவார், துண்டுகளை மடிப்பார், வந்தவர்களிடம் வம்பளப்பார். நடுநடுவே வலக்கைக் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் தட்டிப் பார்ப்பார். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டதும், "வண்டி கெளம்பிடுச்சு, உக்காருங்க" என்பார்.

பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடமாகிறது. முடி திருத்துபவருக்கா இந்த வியாதி என்று தெருவே உச்சுக்கொட்டியது. யார் கன்னத்திலாவது ஒரு கீறல் விழுந்தால் முப்பது வருடப் பெயர் போய்விடும், கடைக்கும் பூட்டுதான். அந்தப் பயத்தில் டாக்டரைக் குடைந்து குடைந்து கேட்டு வைத்திருக்கிறார். "மூளையில டோபமின்னு ஒரு சரக்கு. எனக்கு அது ஸ்டாக் கம்மி. இந்த மாத்திரை உள்ள போய் அந்தச் சரக்கா மாறுது. வழியிலேயே உடம்பு அதைக் காலி பண்ணிடாம இருக்க, காவலுக்கு இன்னொரு மருந்தும் இதுலயே இருக்கு. மூணு மணி நேரத்துக்கு நான்தான் ராஜா."

ராஜாவுக்கும் தொல்லைகள் உண்டு. முதல் மாதம் குமட்டிக்கொண்டே இருந்தது. இப்போதும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒருமுறை டாக்டரைக் கேட்காமல் கூடுதலாக ஒன்றைப் போட்டுக்கொண்டார். நடுக்கம் நின்றது, ஆனால் உடம்பு தானாக நெளிந்து ஆடத் தொடங்கிவிட்டது. பேராசை பெருநஷ்டம் என்று அன்று கடையை மூடினார். பிறகு டாக்டர் வேறொரு மாத்திரையைச் சேர்த்தபோது, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கும் வெறி பிடித்தது. "மூஞ்சி ஒண்ணுதானேடா, பதினோரு கண்ணாடி எதுக்கு?" என்று அவருடைய அக்காதான் டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டர் அந்த மாத்திரையைக் குறைத்து நிறுத்த, வெறியும் அடங்கியது. கண்ணாடிகள் மட்டும் சுவரில் இருக்கின்றன.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி மாத்திரையை எடுக்கும்போது, தம்பி இளைத்துவிட்டானே என்று அக்கா இரண்டு அவித்த முட்டைகளை நீட்டினார். மாஸ்டரும் பேச்சு சுவாரஸ்யத்தில் தின்றுவிட்டார். பதினொன்றரைக்குத் தபால்காரரின் இடக்கன்னம் முடிந்தது. வலக்கன்னத்துக்குத் திரும்பியபோது விரல்கள் இறுகின. காலை மாத்திரையின் வேகம் தீர்ந்துவிட்டது, புதியது இன்னும் ஏறவில்லை. முட்டை மாதிரிப் புரதம் கூடவே போனால் மாத்திரை சீக்கிரம் ஏறாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்; முட்டைதான் மறிக்கிறது என்பது உடனே அவருக்குப் புரிந்தது.

ஒரு கன்னம்தானே, மெதுவாக இழுத்துவிடலாம் என்று மனம் சொன்னது. தபால்காரர் கண்ணை மூடியிருந்தார். காத்திருந்த இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் கத்தியை மடக்கி இழுப்பறைக்குள் வைத்தார்.

"சார், கை இப்ப சரியில்ல. மாத்திரையோட முட்டை தின்னுட்டேன், தப்பு என்னோடது. இன்னும் அரை மணி ஆகும், ஒரு மணிகூட ஆகலாம். அவசரம்னா பக்கத்துக் கடையில நானே உக்கார வச்சுட்டு வரேன்."

தபால்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "அங்க போனா அவன் முழு மூஞ்சியையும் மறுபடி செரைச்சு முழுக் காசு இல்ல கேப்பான்! இருக்கேன் மாஸ்டர்."

காத்திருந்த இருவரும் சிரித்தார்கள், எழுந்து போகவில்லை.  மாஸ்டர் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து, தொட்டியின் விளிம்போடு அழுத்திப் பிழிந்தார். சோப்பு நுரை காய்ந்து எரியக்கூடாதே என்று, நடுங்கும் இரண்டு கைகளாலும் அந்தத் துண்டை வலக்கன்னத்தின் மேல் பரப்பினார்.